பழைய செயின்சா எஞ்சின்: பிஸ்டன் போடும் முன் லீக்கைப் பிடியுங்கள்

சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துவாரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெடுங்கோடு விழுந்திருந்தால் ஏர் லீக் (எஞ்சினுக்குள் வெளிக்காற்று கசிவது) மேல் சந்தேகம் வையுங்கள். சுற்றிலும் கோடு என்றால் பெட்ரோலில் ஆயில் இல்லை. இன்டேக் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதுசும் சிலிண்டரில் சிக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கிளட்ச் பெரும்பாலும் இடதுமரை, அதாவது கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் மேலேறித் துவாரங்களை மூடிய பிறகு, பிஸ்டன் நகராதிருக்கப் பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்துக் கழற்றுங்கள். முன்பே திணித்தால் கயிறு துவாரத்தில் சிக்கி நறுங்கும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் கிராங்க் வேலை இருக்கிறது.

சிலிண்டரில் வெள்ளிக்கோடு தெரிந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பல நேரம் அது பிஸ்டனின் அலுமினியம் ஒட்டியதுதான். கையுறை, கண்ணாடி போட்டு, திறந்தவெளியில் வைத்து, பஞ்சுக்குச்சியால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் கோட்டின் மேல் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். துடைத்துத் துடைத்துத் தடவ, நுரை நின்றால் சிலிண்டர் உட்சுவரின் கெட்டியான உலோகப் பூச்சு தப்பியது. ஒரே இடத்தில் நிற்காமல் நுரைத்தால் பூச்சு போய், ஆசிட் சிலிண்டரையே தின்கிறது; அந்தச் சிலிண்டர் உதவாது. துவார விளிம்பில் ஆசிட் படவே கூடாது. சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, 400 எமரியால் லேசாகக் குறுக்குக்கோடு போடுங்கள்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ளது) அளக்கவும். 40 மி.மீ. துளைக்கு 0.15 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கலாம். பிஸ்டன் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். சர்க்லிப் (பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்தும் வளையம்) எப்போதும் புதுசு, அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே. பக்கவாட்டில் வைத்தால் ஓட்டத்தில் சுருங்கித் தெறிக்கும்.

ஆயில் சீல், இன்டேக் ரப்பர் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பிறகு எக்ஸாஸ்ட், இன்டேக், இம்பல்ஸ் (கார்புரேட்டர் பம்புக்கு அழுத்தத் துடிப்பு போகும் வழி) துவாரங்களை அடைத்து, 0.5 பார் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அதே அளவு வாக்குவமும் வைத்துப் பாருங்கள். உள்ளிருந்து அழுத்தும் காற்று சீல் உதட்டை இறுக்கிவிடுவதால், சில லீக் வாக்குவத்தில்தான் மாட்டும். கேஜ் முள் அசையக் கூடாது.

இக்னிஷன் காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் இடைவெளி 0.3 மி.மீ., பிளக் முனை இடைவெளி 0.5 மி.மீ. தயாரிப்பாளர் 50:1 சொன்னால் லிட்டருக்கு 20 மி.லி. டு-ஸ்ட்ரோக் ஆயில். கார்புரேட்டரில் எல் (மெது வேகம்), எச் (முழு வேகம்) ஸ்குரூ இரண்டும் ஒரு சுற்று திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். முழு த்ராட்டிலில் வெறுமே ஓடும்போது சத்தம் சற்றுத் திக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் சீராக வேண்டும். வெறுமே ஓடும்போதே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் போதவில்லை; எச் ஸ்குரூவை இன்னும் திறக்கவும்.