சேல்ஸ் வேலை நமக்கு ஒத்து வருமா? சேர்றதுக்கு முன்னாடியே எப்படிப் பார்க்கறது

"உனக்கு நல்லா வாய் இருக்கு, சேல்ஸ்ல போயேன்"னு வீட்லயோ தெருவுலயோ யாராவது சொல்லியிருந்தா முதல்ல அத மறந்துடுங்க. நான் பன்னெண்டு வருஷமா இந்த லைன்ல இருக்கேன், வடசென்னையில தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடின்னு பீட் (கடை கடையா ஏறி இறங்கற ரூட்டு) போயே ரெண்டு வண்டி தேஞ்சு மாத்தியாச்சு, என் கூட சேர்ந்த பசங்கள்ல நல்லா வாயடிக்கறவங்கதான் முதல்ல கழண்டாங்க. ஏன்னா இந்த வேலையில பேசறது கால்வாசி கூட கிடையாது. காத்துக் கிடக்கறது, திரும்பத் திரும்பப் போறது, யாருகிட்ட என்ன சொன்னோம்னு குறிச்சு வைக்கறது, கொடுத்த சரக்குக்குக் காசு வாங்கறது, இதான் மீதி எல்லாம்.

என் முதல் நாள் சொல்றேன். தண்டையார்பேட்டையில ஒரு மளிகைக்கடை, காலைல பத்து மணி இருக்கும், அண்ணாச்சி துவரம்பருப்பு பொட்டலம் கட்டிட்டு இருக்காரு. நான் பிஸ்கட் ஸ்கீம் ஷீட்ட, அதான் கடைக்காரருக்கு என்ன ஆஃபர்னு போட்டிருக்கற பேப்பர, நீட்டிட்டு நைட்டெல்லாம் மனப்பாடம் பண்ணத ஒப்பிக்க ஆரம்பிச்சேன். அவரு நிமிர்ந்தே பார்க்கல. ஒரு அம்மா வந்து அரை லிட்டர் எண்ணெய், ஒரு பொடியன் வந்து ரெண்டு ஷாம்பு சாஷே, அப்புறம் பால் கணக்கு. இருபது நிமிஷம் ஆச்சு. கடைசியா தலையத் தூக்கி, "தம்பி, போன மாசம் உங்க ஆளு ஒருத்தன் நமத்துப்போன பாக்கெட்ட மாத்தித் தரேன்னு சொல்லிட்டுப் போனான், இன்னும் வரல, மொதல்ல அத மாத்து, அப்புறம் பேசு"ன்னு மூலையில கெடந்த அட்டைப்பெட்டியக் காட்டினாரு. அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது, ஆனா திட்டு எனக்கு. அன்னிக்கு அந்தக் கடையில ஆர்டர் பூஜ்யம். நாலாவது தடவை போறப்பதான் கம்பெனில சண்டை போட்டு அந்தப் பெட்டிய மாத்திக் கொடுத்தேன், அஞ்சாவது தடவை அவரே "ரெண்டு பெட்டி எழுதிக்கோ"ன்னாரு.

இத படிச்சப்போ உங்களுக்கு உள்ள என்ன ஓடிச்சுன்னு நேர்மையா பாருங்க. "ச்சே, என்னை எப்படி நிக்க வச்சான்"னு அந்த இருபது நிமிஷத்துலயே மனசு மாட்டிக்கிச்சா, இல்ல "அந்தப் பெட்டிய முதல் வாரமே மாத்தியிருக்கலாமே"ன்னு தோணிச்சா? ரெண்டாவதுன்னா மேல படிங்க. முதலாவதுன்னாலும் படிங்க, எனக்கும் அன்னிக்கு முதலாவதுதான் தோணிச்சு, சாயங்காலம் பீச்சு ஸ்டேஷன்ல உட்கார்ந்து அழாத குறை. ஆனா அடுத்த நாள் காலைல அதே ரோட்டுல வண்டிய விட முடிஞ்சுதா இல்லையாங்கறதுதான் கணக்கு.

சேல்ஸ்னா ஒரே வேலை இல்லைங்கறதும் பல பேருக்குத் தெரியாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுல துணிக்கடையில நிக்கறதும் சேல்ஸ், மெடிக்கல் ரெப்பா டாக்டர் கிளினிக் வாசல்ல ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்திருக்கறதும் சேல்ஸ், ஹெட்செட் மாட்டிட்டு லோன் வேணுமான்னு கேக்கறதும் சேல்ஸ், பாரிமுனை, சௌகார்பேட்டை மொத்த வியாபாரிங்ககிட்ட ஆர்டர் எடுக்கறதும் சேல்ஸ், அங்க கொஞ்சம் ஹிந்தி தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. கடை வேலையில ஆளு நம்மளத் தேடி வருவாங்க, ஃபீல்டுல நாம தேடிப் போகணும், டெலிசேல்ஸ்ல முகமே தெரியாம திட்டு வாங்கணும். "எனக்கு சேல்ஸ் வராது"ன்னு சொல்றவங்க பல பேருக்கு ஃபீல்டுதான் வராது, கவுன்ட்டர்ல விட்டா பின்னுவாங்க.

சரி, எப்படி டெஸ்ட் பண்றது. பத்து நாள் ஒதுக்குங்க, செலவு பெருசா இல்ல.

முதல் ரெண்டு மூணு நாள் தெரிஞ்ச ரெப், அதான் கடைகள்ல ஆர்டர் எடுக்கற ஆளு, யாராவது இருந்தா வண்டி பின்னாடி உட்கார்ந்து போங்க. ஏரியாவுல ஒரு மளிகைக்கடைக்காரரக் கேட்டா அவரே நம்பர் கொடுப்பாரு. பேசாதீங்க, சும்மா பாருங்க. எத்தனை கடை ஏறினாரு, எத்தனைல ஆர்டர் வந்துச்சு, எத்தனைல "நாளைக்கு வா", ஒரு நோட்டுல கோடு போட்டுட்டே வாங்க. வெயில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல நின்ன நேரம், எண்ணூர் ரோடுல கன்டெய்னர் லாரி பின்னாடி மாட்டின நேரம், அதையும் எழுதுங்க, அதெல்லாம் உங்க வேலை நேரம்தான், ஆனா அதுக்கு யாரும் இன்சென்டிவ் தர மாட்டாங்க. பொண்ணுங்களா இருந்தா இன்னொன்னும் கண்டிப்பா பாருங்க, நாள் முழுக்க அந்த பீட்ல பாத்ரூம் எங்க இருக்கு. இத இன்டர்வியூல எவனும் சொல்ல மாட்டான், ஆனா நல்லா விக்கத் தெரிஞ்ச எத்தனையோ பொண்ணுங்க ஃபீல்டை விட்டுப் போனது இந்த ஒரே காரணத்துக்குதான்.

ஒருநாள் விடியக்காலைல காசிமேடு போங்க, ஞாயித்துக்கிழமை போனா இன்னும் நல்லது. மீன் வாங்க இல்ல, மீன் விக்கற ஒரே ஒரு அக்கா பக்கத்துல அரை மணி நேரம் நிக்க. வர்றவங்கள "வா கண்ணு"ன்னு கூப்பிடுவாங்க, செவுளத் தூக்கி செவப்பு காட்டுவாங்க, விலை சொல்லுவாங்க, அப்புறம் கப்சிப். அந்த அமைதியத்தான் கவனிக்கணும். ஆளு வேணாம்னு நகந்தா முதல் அடியிலயே கூப்பிட மாட்டாங்க, நாலஞ்சு அடி போக விட்டு "சரி நீ எவ்ளோ தருவ"ம்பாங்க, அப்பவும் போயிட்டா அடுத்த ஆளுகிட்ட அதே சிரிப்பு, போனவங்கள நினைச்சு மூஞ்சி மாறாது. எனக்கு ட்ரெயினிங்ல ப்ரொஜெக்டர் போட்டு ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தத அங்க அரை மணி நேரத்துல பார்க்கலாம்.

அப்புறம் நீங்களே எதையாவது வித்துப் பாருங்க. பாரிமுனை பக்கம் மொத்தக் கடையில ஒரு ரெண்டாயிரம் ரூபாய்க்கு சாக்ஸோ ஹேர் கிளிப்போ வாங்கி அக்கம்பக்கத்துல, தெரியாத தெருவுல நாலு நாள் வித்துப் பாருங்க. சொந்தக்காரங்ககிட்ட வித்தா கணக்குல சேராது, அவங்க பாவம் பார்த்து வாங்குவாங்க. தீபாவளிக்கு முன்னாடின்னா எம்.சி. ரோடு துணிக்கடைங்கள்ல சீசனுக்கு ஆள் எடுப்பாங்க, அது இன்னும் பெஸ்ட், சம்பளமும் வரும், கால் எவ்ளோ வலிக்கும்னும் தெரியும். 2021லயே தமிழ்நாட்டுல கடைகள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்து ஊழியர்கள் உட்கார சீட் கொடுக்கணும்னு கொண்டு வந்துட்டாங்க, அதனால போற கடையில ஸ்டூல் இருக்கான்னு பாருங்க, இருந்தாலும் அதுல உட்கார விடறாங்களான்னும் பாருங்க.

இப்போ காசு. விளம்பரத்துல "சம்பளம் 23,000 வரை"ன்னு போட்டிருந்தா அந்த "வரை"லதான் விஷயம் இருக்கு. உதாரணத்துக்கு ஃபிக்ஸ்டு 14,000, இன்சென்டிவ் 9,000ன்னு வச்சுக்கோங்க. டார்கெட்ல 80 பர்சென்ட்டுக்குக் கீழ போனா இன்சென்டிவ் ஒரு ரூபாய் கூட இல்லன்னு பல இடத்துல ரூல் இருக்கும், அதாவது 79 அடிச்சவனும் சும்மா இருந்தவனும் ஒன்னு. பெட்ரோல் பாருங்க, ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாசம் 25 நாள், ஆயிரம் கிலோமீட்டர், வண்டி 45 கொடுத்தா 22 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்னு வச்சா 2,200. டீ, சாப்பாடு நாளைக்கு 60ன்னா 1,500. அலவன்ஸ் தராத கம்பெனின்னா மோசமான மாசத்துல கையில நிக்கறது 10,300. இந்தக் காசுல உங்க வீட்டு வாடகை, இஎம்ஐ ஓடுமா? தொடர்ந்து மூணு மாசம் இப்படி வந்தா தாங்குமா? தாங்காதுன்னா உங்களுக்கு சேல்ஸ் வராதுன்னு அர்த்தம் இல்ல, இந்த சம்பள பேட்டர்ன் இப்போதைக்கு வேணாம்னு அர்த்தம், ஃபிக்ஸ்டு அதிகமா இருக்கற கவுன்ட்டர் வேலையா தேடுங்க.

இன்டர்வியூல நீங்களும் கேளுங்க, வெட்கப்படாதீங்க. இந்த டெரிட்டரில, அதான் எனக்குக் கொடுக்கற ஏரியாவுல, எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனாரு, கடைசி ஆறு மாசத்துல எத்தனை மாசம் டார்கெட் அடிச்சாரு, நான் கம்பெனியே நேரா சம்பளம் போடற பேரோலா இல்ல அவங்க சரக்க வாங்கி கடைக்கு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் ஆளா, பிஎஃப் ஈஎஸ்ஐ உண்டா (மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருந்தா ஈஎஸ்ஐ, அதான் மருத்துவக் காப்பீடு, வரும்), சரக்கு வாங்கின கடைக்காரர் காசு கொடுக்கலன்னா என் சம்பளத்துல பிடிப்பீங்களா. இந்தக் கடைசி கேள்விக்கு மூஞ்சி மாறினா எந்திரிச்சு வந்துடுங்க. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனில, பேரு வேணாம், மாசக் கடைசில டார்கெட்டுக்காக கடை கேக்காத சரக்க பில் போட்டு இறக்கச் சொல்லுவாங்க, அடுத்த மாசம் அது ரிட்டர்ன் வரும், அந்த ரிட்டர்ன் என் கணக்குல மைனஸ். ரெண்டு வருஷம் அத நான்தான் முட்டாள்தனமா சுமந்தேன், கடைக்காரங்க முகத்தப் பார்க்க முடியாம சுத்து வழியா போயிருக்கேன். அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இல்லாம சேராதீங்க, மெடிக்கல் ரெப் மாதிரி ஆளுங்களுக்கு 1976லயே அதுக்கு சட்டம் வந்துச்சு, இன்னிக்கும் "ரெண்டு மாசம் கழிச்சுத் தரோம்"னு இழுக்கறவங்க இருக்காங்க.

சேர்ற முதல் நாளே நூறு சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் பேரு நம்பரோட லிஸ்ட் எழுதச் சொன்னா உஷாரா இருங்க. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நல்ல தொழில்தான், பத்தாவது முடிச்சு ஐசி-38ங்கற ஏஜென்ட் பரீட்சைய பாஸ் பண்ணா சேரலாம், ஆனா அந்த நூறு பேரும் முடிஞ்ச பிறகு நூத்தியோராவது ஆள எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லித் தர்ற ஆளு இருக்காரான்னு பாருங்க. பணம் கட்டி சேரு, கீழ நாலு பேர சேர்த்துவிட்டா கமிஷன்ங்கற கதை சேல்ஸே இல்ல, 1978லயே பணச் சுழற்சித் திட்டங்களுக்குத் தடைச் சட்டம் போட்டாச்சு, 2021 நேரடி விற்பனை விதியிலயும் பிரமிட் ஸ்கீம் கூடாதுன்னு இருக்கு. ஹோட்டல் ஹால்ல கோட்டு போட்டுப் பேசறாங்கன்னு மயங்கிடாதீங்க.

பத்து நாள் முடிஞ்சதும் அந்த நோட்ட எடுத்துப் பாருங்க. "வேணாம்"னு வந்த கோடுங்க பக்கத்துல நீங்களா எதாவது எழுதியிருந்தீங்கன்னா, இந்தக் கடையில மதியம் போகணும், இவருக்குச் சின்ன பாக்கெட்தான் ஓடும், இந்த மாதிரி, அப்போ தைரியமா சேரலாம். வெறும் கோடு மட்டும் இருந்து பார்க்கவே வயித்த கலக்குதுன்னா விட்டுடுங்க, அதுல ஒன்னும் கேவலம் இல்ல. என் கூட சேர்ந்த ஒருத்தன் நாலாவது மாசம் "என்னால கடை ஏற முடியல மச்சான்"னு டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்ல பில்லிங்குக்கு மாறிட்டான், எந்த சரக்கு எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லுவான். இப்போ தினம் காலைல அவன் பில் போட்டாதான் என் சரக்கு வண்டியே கிளம்பும், லேட் பண்ணா நான்தான் அவனுக்கு டீ வாங்கிட்டுப் போய் நிக்கறேன்.