சிறையில் இருக்கும் பெண்களுடன் கலைப்பயிற்சி நடத்துவோருக்கு

சிறைக்குள் வரும் பெண்களில் மிகப் பலர், அங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே அடியும் மிரட்டலும் பாலியல் வன்கொடுமையும் அனுபவித்தவர்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010-இல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள் இதைக் கணக்கில் கொண்டே, மனநல உதவி தேவைப்படும் பெண் சிறைவாசிகளுக்கு அவர்கள் பட்ட காயங்களை உணர்ந்து தரப்படும் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்கின்றன. எல்லாச் சிறைவாசிகளையும் நடத்தும் முறை பற்றி அதே சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 105-ஆவது விதி, உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் பயன்படும் பொழுதுபோக்கு, பண்பாட்டு நடவடிக்கைகள் எல்லாச் சிறைகளிலும் இருக்க வேண்டும் என்கிறது. சிறை நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் இவ்விரண்டையும் குறிப்பிடுங்கள். நீங்கள் கேட்பது சலுகையல்ல என்பது அதனால் விளங்கும்.

எப்போது எழுவது, எப்போது உண்பது, விளக்கை எப்போது அணைப்பது என எல்லாவற்றையும் பிறர் தீர்மானிக்கும் இடம் சிறை. வன்கொடுமைக்கு ஆளானவரிடமிருந்து பறிக்கப்பட்டதும் இந்தத் தீர்மானிக்கும் உரிமைதான். ஆகவே எந்த நிறம், எந்தச் சொல், எங்கே நிறுத்துவது, யாருக்குக் காட்டுவது என்பவற்றை அந்தப் பெண்ணே முடிவு செய்யும்படி வகுப்பை அமைப்பதுதான் உங்கள் முதன்மையான வேலை என்று நான் கருதுகிறேன். கலந்துகொள்ளாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. வருகையைக் கட்டாயமாக்கவோ, நன்னடத்தைக்கான பரிசாக்கவோ நிர்வாகம் விரும்பினால், அதைத் தொடக்கத்திலேயே பேசித் தவிர்த்துவிடுங்கள்.

குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை இருந்தால் ஒவ்வொருவரையும் கவனிக்க முடியும். வாசல் தெரியும்படி உட்கார விரும்புபவர்களுக்கு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கண்ணை மூடச் சொல்லும் பயிற்சிகள், விளக்கை அணைப்பது, முன்னறிவிப்பின்றித் தோளைத் தொடுவது ஆகியவை நாடகப் பட்டறைகளில் சாதாரணம் என்றாலும், இங்கே அவை பழைய அச்சத்தை ஒரு நொடியில் எழுப்பிவிடக்கூடும். விசாரணைக் கைதிகள் பிணையிலோ வேறு சிறைக்கு மாற்றப்பட்டோ திடீரென்று போய்விடுவார்கள் என்பதால், ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுமை பெற்றதாக இருக்கட்டும். கத்தரிக்கோல், ஊசி, கம்பி போன்றவற்றை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். அந்த எண்ணிக்கையை எல்லோர் முன்னிலையிலும் நிதானமாகச் செய்தால், பின்னால் யார்மீதும் சந்தேகம் விழாது.

தொடக்கத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது தையல்வேலை. கைக்குட்டை அளவில் ஒரு துணி, நான்கைந்து நிற நூல்கள், ஓர் ஊசி இருந்தால் போதும். முதலில் நேர்கோட்டில் ஓட்டுத்தையல் மட்டும் போடச் சொல்லுங்கள். ஊசி உள்ளே போய் வெளியே வரும் சீரில் மூச்சும் தானாகவே நிதானப்படும். பார்வை துணியின் மேல் இருப்பதால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசவும், பேசாமல் இருக்கவும் முடியும். தையல் கோணிக்கொண்டால் நீங்கள் வாங்கிச் சரிசெய்யாதீர்கள்: நூலைப் பிரித்துவிட்டு அதே துணியில் மறுபடி தைக்கலாம் என்பதை அவர் தம் விரலாலேயே கண்டுகொள்ளட்டும். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி, 1912-இல் லண்டனின் ஹாலோவே சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், ஒரே கைக்குட்டையில் 66 கையெழுத்துகளை நூலால் பொறித்தார்கள். அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தம் பெயரைப் பொறிக்க விரும்புகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

எழுத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வழக்கு நிலுவையில் இருக்கும் ஒருவர் தம் வழக்கைப் பற்றித் தாளில் எழுதினால், அது சோதனையில் கைப்பற்றப்பட்டு அவருக்கு எதிராகவே திரும்பலாம். இதை முதல் நாளே எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். என்ன குற்றத்துக்காக வந்தீர்கள் என்று ஒருபோதும் கேட்க வேண்டாம். ‘உங்கள் வாழ்வின் மிகத் துயரமான நாள்’ போன்ற தலைப்புகளையும் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் கிளறிவிட்டு நீங்கள் வீடு திரும்பிவிடுவீர்கள், அவரோ அந்த நினைவோடு பூட்டிய அறைக்குள் இரவைக் கழிக்க வேண்டும். ஒரு கதவு, ஒரு மணம், சிறுவயதில் ஓடிய தெரு எனச் சிறியதைக் கொடுத்தால், சொல்ல வேண்டியதை அவரவர் தமக்கு ஏற்ற தொலைவில் நின்று சொல்லிக்கொள்வார்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். அப்போது அவருடைய பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதிப் படித்துக் காட்டுங்கள்.

நாடகம் வலிமையானது, ஆனால் மெதுவாகப் போக வேண்டியது. 1979-இல் இங்கிலாந்தின் ஆஸ்கம் கிரேஞ்ச் சிறையில் இருந்த இரண்டு பெண்களே தொடங்கிய கிளீன் பிரேக் நாடகக் குழு இன்றும் இயங்கி வருகிறது. சொந்த அனுபவத்தை நேரடியாக நடிக்கச் சொல்வதைவிட, குழுவாகப் புனைந்த ஒரு பாத்திரத்துக்கு அதைக் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது.

யாராவது அழுதால் வகுப்பை நிறுத்தி அவரைச் சுற்றிக் கூட வேண்டாம். அருகில் உட்கார்ந்து, இருக்க விரும்புகிறாரா, சற்று வெளியே போக விரும்புகிறாரா என்று கேளுங்கள். சாக வேண்டும் என்றோ, யாரோ தம்மைத் துன்புறுத்துவதாகவோ சொன்னால், அதை உங்களோடு வைத்துக்கொள்ள முடியாது. யாரிடம் தெரிவிப்பீர்கள் என்பதை முதல் வகுப்பிலேயே அறிவித்திருந்தால், அது துரோகமாகத் தோன்றாது. உரிய பயிற்சி இல்லாமல் இதைச் சிகிச்சை என்று அழைக்கவும் கூடாது. மனநல ஆலோசகர் ஒருவரோடு தொடர்பில் இருப்பது இன்றியமையாதது.

படைப்பு அதைப் படைத்தவருக்கே உரியது. கண்காட்சிக்கோ அச்சுக்கோ போகுமானால், பெயர் வேண்டுமா, புனைபெயரா, வேண்டவே வேண்டாமா என்று தனித்தனியே கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு அவர் மனம் மாறினால் மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுங்கள். பயிற்சி முடியும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஏனெனில் சொல்லாமல் விட்டுப்போனவர்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். இடமாற்றமோ விடுதலையோ நேரும்போது படைப்புகள் அவரோடு செல்லும்படி, அவற்றை அவருடைய உடைமைப் பட்டியலில் சேர்க்க அலுவலகத்தில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.