யூரின் டியூபைத் தொடையில் ஒட்டும் முறை

யூரின் டியூப் போட்டவர்கள் "வலிக்குது சிஸ்டர்" என்றால் முதலில் போர்வையை விலக்கி டியூபைத்தான் பார்ப்பேன். பல நேரம் அது எங்கும் ஒட்டப்படாமல், சிறுநீர் சேரும் பையின் கனத்தில் இழுபட்டுக்கொண்டிருக்கும். டியூப் வெளியே வராமலிருக்க, சிறுநீர்ப்பைக்குள் தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் ஒன்று இருக்கிறது. வெளியே இழுபடும்போதெல்லாம் அது சிறுநீர்ப்பையின் வாயில் போய் அழுத்தும். வலி, சிறுநீர் முட்டுவது போன்ற உணர்வு, சில சமயம் ரத்தக்கசிவு எல்லாம் இதனாலும் வரும்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, தொடையைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். ஈரத்திலும் எண்ணெயிலும் பிளாஸ்டர் நிற்காது. பொதுவாகத் தொடையின் மேல்பகுதிதான் சரியான இடம். படுக்கையிலேயே இருக்கும் ஆண்களுக்கு அடிவயிற்றிலும் ஒட்டலாம்.

ஒட்டும் முன் காலை நீட்டி, மடக்கி, கொஞ்சம் அகட்டச் சொல்லுங்கள். எந்த நிலையில் டியூப் அதிகம் இழுபடுகிறதோ அதைப் பார்த்து, அதற்கும் மேலே சிறிது தொய்வு விட்டு ஒட்டுங்கள். எனக்கு இதுதான் மிக முக்கியம். விறைப்பாக ஒட்டினால் ஒட்டாததைவிட மோசம்.

முதலில் ஒரு பிளாஸ்டரைத் தோலில் ஒட்டுங்கள். இரண்டாவது பட்டையின் நடுப்பகுதியால் டியூபை முழுச் சுற்றாகச் சுற்றி, அதன் இரு முனைகளையும் முதல் பிளாஸ்டர் மேல் ஒட்டுங்கள். அப்போது டியூப் தோலில் பதியாது. டியூப் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள தடித்த பகுதியில் ஒட்டுவது நல்லது. பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் கிளையை மூடவோ வெட்டவோ கூடாது. பிளாஸ்டரைத் தொடையைச் சுற்றிக் கட்டவே கூடாது, ரத்த ஓட்டம் தடைபடும். பிளாஸ்டருக்குப் பதிலாகத் தொடையில் மாட்டும் பட்டி வாங்கி மாட்டினால் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும்.

டியூப் தொடைக்கு மேலாகவே போகட்டும், அடியில் மாட்டினால் நசுங்கும். பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல் தொங்கட்டும். முக்கால்வாசி நிரம்பும் முன்பே காலி செய்துவிடுங்கள். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கும் முன், பையை அந்தப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

தினமும் பிளாஸ்டருக்கு அருகிலுள்ள தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் அடுத்த தொடைக்கு மாற்றுங்கள். பழைய பிளாஸ்டரை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, டியூபை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல உரியுங்கள்.

சில மணி நேரமாகப் பையில் சிறுநீர் இறங்கவில்லையா? டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றாலோ, ரத்தம், காய்ச்சல், கடும் அடிவயிற்று வலி இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டியூபை நீங்களே உருவிவிடாதீர்கள். பலூன் தண்ணீரை எடுக்காமல் இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்துவிடும்.