ஸ்குவாட் நாளின் குமட்டல் நின்ற கதை

தசை வளர்க்கத் தொடங்கிய மாதங்களில், கலோரி குறைந்துவிடக் கூடாது என்று பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு இரண்டு பெரிய கரண்டி நிலக்கடலை வெண்ணெயும் ஒரு கைப்பிடி பாதாமும் சாப்பிடுவேன். தோளில் பாரம் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டின் மூன்றாவது செட்டிலேயே (சுற்றிலேயே) வயிறு கனக்கும், குனிந்தால் குமட்டும். தூக்கும் எடையைக் குறைத்துப் பார்த்தேன், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். பயனில்லை.

காரணம் கொழுப்புதான். அது சிறுகுடலை எட்டியதும் இரைப்பை காலியாகும் வேகம் மட்டுப்படுகிறது; கூடவே உண்ட மாவுச்சத்தும் அங்கேயே தங்கிவிடுகிறது. பாரம் தூக்கும்போது ரத்தம் தசைகளுக்குத் திரும்புவதால் செரிமானம் இன்னும் தளர்கிறது.

கொழுப்பை நான் விடவில்லை, விடவும் கூடாது. கிராமுக்கு 9 கலோரி தருவதை வெட்டினால் உடல் எடை கூடுவதே கடினம். டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களுக்கும் அது தேவை. நேரத்தை மட்டும் மாற்றினேன். கொழுப்பு மிகுந்த உணவு 3, 4 மணி நேரம் முன்பே. கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு வாழைப்பழம். இரண்டாவது வாரத்தில் ஐந்து செட்டையும் குமட்டலின்றி முடித்தேன்.

பயிற்சிக்குப் பிறகும் கொழுப்பு ஆகாது என்ற பேச்சை நம்பி, மஞ்சள் கருக்களை வீசியதுதான் இன்னும் உறுத்துகிறது. தசைப் புரதம் உருவாவதைக் கொழுப்பு தடுப்பதில்லை. இப்போது முழு முட்டைதான்.