பழைய மோட்டார்ஹோம்ல லைட் மங்கலா எரியுதா? கனெக்டரைப் பாருங்க

அமெரிக்காவுல 80, 90கள்ல வந்த மோட்டார்ஹோம் (உள்ளயே தங்குற வசதி இருக்க வண்டி) வச்சிருக்கவங்களுக்கு, பின்னாடி லைட் மங்கலா இருக்கு, இண்டிகேட்டர் போட்டா மத்த லைட்டும் சேர்ந்து மினுக்குதுன்னா பல்பை மாத்திட்டே இருக்காதீங்க, பெரும்பாலும் எர்த் கனெக்ஷன்தான் (லைட்டோட நெகட்டிவை வண்டி பாடியோட சேர்க்குற இடம்) துருப்பிடிச்சிருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, லைட் எரியும்போதே கனெக்டரோட ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த கனெக்டர் அவுட், வெட்டிட்டுப் புதுசு போடணும்.

வெட்டுறதுக்கு முன்னாடி இன்ஜின் பேட்டரி, உள்ள இருக்க பேட்டரி ரெண்டுலயும் நெகட்டிவை கழட்டிடுங்க, வெளி கரண்ட் பிளக், சோலார் இருந்தா அதையும். அப்புறம் ஒயரை கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டே வாங்க, பச்சை உப்பு இன்சுலேஷனுக்குள்ள ரொம்ப தூரம் போயிருக்கும், பளபளன்னு செம்பு வர்ற வரைக்கும் விடாதீங்க (ஒயர் பத்தலைன்னா ஒட்டுத்துண்டு போட்டுக்கலாம்). உள்ள பசை இருக்க ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் கனெக்டர்தான் (ஒயரை உள்ள விட்டு நசுக்கிப் பிடிக்க வச்சு, சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கிறது) என் சாய்ஸ், சிவப்பு 22-18 கேஜுக்கு (அமெரிக்க ஒயர் தடிமன் அளவு, நம்பர் குறைஞ்சா ஒயர் தடிமன்), நீலம் 16-14, மஞ்சள் 12-10. கிரிம்ப் பண்ணி நல்லா இழுத்துப் பாத்துட்டு அப்புறம் சூடு காட்டுங்க. வீட்டு ஒயரிங்ல திருகிப் போடுற பிளாஸ்டிக் மூடி வேண்டவே வேண்டாம், வண்டி அதிர்வுல கழண்டுடும். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஆம்பியர் மட்டும் போட்றாதீங்க, ஒயர் எரிஞ்சிடும்.