முதல் நாளே முடித்துவிடலாம்: அமெரிக்கத் தென் மாநிலப் பாணியில் நான்கு விருந்துச் சிற்றுணவுகள்

விருந்தினர்கள் கூடத்தில் சிரித்துக்கொண்டிருக்க, அழைத்தவர் மட்டும் வாணலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பஜ்ஜி, போண்டா, கட்லெட் என்று நாம் தேர்ந்தெடுப்பதெல்லாம் சுடச்சுட இறக்க வேண்டிய பண்டங்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அதாவது கரோலினாக்கள், ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி பக்கம், விருந்து மேசையின் கணக்கே வேறு. முக்கால்வாசிப் பண்டங்கள் குளிர்ந்தவை. முதல் நாளே செய்து வைத்தால்தான் ருசி கூடும். வெயில் கொளுத்தும் ஊர்களில், ஏசி வருவதற்கு முன்பே வேரூன்றிய விருந்தோம்பல் அது. ஆகவே நமக்கும் பொருந்தும்.

இங்கே நான்கு பண்டங்கள் சொல்கிறேன். மூன்று முதல் நாள் இரவே தயாராகிவிடும். ஒன்றே ஒன்றுதான் எண்ணெயில் பொரிப்பது. சமையலில் கை பழகாதவர்களும் செய்யலாம். அளவுகள் பன்னிரண்டு பேருக்கு. ஒரு கப் என்றால் 240 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

முதலில் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வார்த்தை மயோனைஸ் பற்றி. இந்த மேசையில் இரண்டு பண்டங்கள் அதை நம்பித்தான் நிற்கின்றன. 1917-இல் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி, அருகிலிருந்த ராணுவ முகாமின் சிப்பாய்களுக்கு சாண்ட்விச் செய்து விற்றார். சாண்ட்விச்சைவிட அதில் தடவிய மயோனைஸுக்கு ஆசைப்பட்டவர்கள் பெருகவே, அதையே பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார். ‘டியூக்ஸ்’ மயோனைஸ் இன்றும் தென் மாநிலங்களில் சத்தியம் செய்து வாங்கப்படும் சரக்கு. அதில் சர்க்கரை கிடையாது. நம் கடைகளில் கிடைக்கும் முட்டையில்லா மயோனைஸ் பலவும் தித்திக்கும். லேபிளைப் படித்து, சர்க்கரை மிகக் குறைவாக இருப்பதை வாங்குங்கள். வேறு வழியில்லாமல் இனிப்பானதுதான் கிடைத்தால், அரை கப்புக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்துவிடுங்கள்.

1. டெவில்டு முட்டை

அவித்து இரண்டாக வெட்டிய முட்டையில், மஞ்சள் கருக் கலவையை நிரப்பும் பண்டம் இது. தென் மாநிலத்து வீடுகளில் இதற்கென்றே குழிகள் வைத்த தட்டு இருக்கும். கல்யாணப் பரிசாகக் கொடுக்கிற அளவுக்கு அந்தத் தட்டுக்கு மரியாதை உண்டு. செய்வது எளிது, ஆனால் முட்டை உரிக்கும்போது பாதி வெள்ளை ஓட்டோடு போய்விட்டால் எல்லாம் போயிற்று. அதனால் உரிப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

தேவையானவை: முட்டை 12, மயோனைஸ் அரை கப், மஞ்சள் கடுகு பேஸ்ட் 2 தேக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய இனிப்பு வெள்ளரி ஊறுகாய் 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், மேலே தூவ பாப்ரிகா. பாப்ரிகா இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். நிறம் வேண்டும், காரம் வேண்டாம்.

முட்டை புதிதாக இருக்கக் கூடாது. வாங்கி ஒரு வாரம், பத்து நாள் ஃப்ரிட்ஜில் இருந்த முட்டைதான் நன்றாக உரியும். நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது உள்சவ்வு வெள்ளையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதில்லை. ஆகவே விருந்துக்கு நாள் குறித்தவுடனே முட்டையை வாங்கிவிடுங்கள். வேகவைக்கும் முந்தைய இரவு முட்டைகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் மஞ்சள் கரு நடுவில் வந்து நிற்கும். ஒரு பக்கம் மெலிந்து கிழியும் தொல்லை குறையும்.

தண்ணீரை முதலில் கொதிக்கவிடுங்கள். கொதித்த பிறகுதான் முட்டைகளை ஒரு சாரணியில் வைத்து மெதுவாக இறக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றும் பழக்கம் இங்கே உதவாது. மெல்ல மெல்லச் சூடேறும் வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். மிதமான கொதியில் 12 நிமிடம். உடனே எடுத்து ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம். நேரம் தாண்டிவிட்டால், வெள்ளையிலுள்ள கந்தகமும் மஞ்சளிலுள்ள இரும்பும் கூடி மஞ்சளைச் சுற்றிச் சாம்பல்பச்சை வளையம் போடும். தின்றால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அழகில்லை.

உரிக்கும்போது அகன்ற முனையிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் காற்றறை இருக்கிறது. அந்த இடத்தை மேசையில் தட்டி, கட்டை விரலைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்தால் ஓடு பட்டை பட்டையாகக் கழன்று வரும்.

நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடையுங்கள். வெள்ளையில் மஞ்சள் தீற்று விழாது. மஞ்சள் கருவைத் தனியே எடுத்துச் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். முள்கரண்டியால் மசித்தாலும் ஆகும், ஆனால் கட்டிகள் இருக்கும். அதோடு கடுகு பேஸ்ட், வினிகர், உப்பு, மிளகு, பிழிந்தெடுத்த ஊறுகாய் சேர்த்து, மயோனைஸை முதலில் மூன்றில் ஒரு பங்கு கப் மட்டும் போட்டுக் கலக்கவும். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைத் தூக்கினால் நிற்கும் பதம் வேண்டும். தேவைப்பட்டால் மீதியைச் சேர்க்கலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

இனிப்பு ஊறுகாய் சேர்க்கலாமா என்பதில் அங்கே குடும்பங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் சேர்க்கும் கட்சி. மயோனைஸின் கொழுப்புக்கு நடுவே அந்தப் புளிப்பும் இனிப்பும் நறுக்கென்று இருக்க வேண்டும்.

இரவே வெள்ளைகளை ஈரத் துணிக்கடியிலும், கலவையை ஒரு பிளாஸ்டிக் பையிலும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பையின் மூலையைக் கத்தரித்துக் குழிகளில் பிழிந்து, பாப்ரிகா தூவினால் முடிந்தது. குழித்தட்டு இல்லாதவர்கள் நீளமாக நறுக்கிய முட்டைகோஸைத் தட்டில் பரப்பி அதன்மேல் அடுக்கலாம், வழுக்கி ஓடாது.

2. பிமென்டோ சீஸ்

தெற்கத்திக்காரர்கள் உயிரைக் கொடுத்துச் சொந்தம் கொண்டாடும் இந்தப் பண்டம் பிறந்தது வடக்கே, நியூயார்க்கில். அங்கே உருவான க்ரீம் சீஸும், ஸ்பெயினிலிருந்து டப்பாவில் வந்த பிமென்டோ என்ற இனிப்புச் சிவப்பு மிளகாயும் சேர்ந்து உண்டானது. பிறகு ஜார்ஜியாவின் கிரிஃபின் பகுதி விவசாயிகள் பிமென்டோவைத் தாங்களே பயிரிட்டு டப்பாவில் அடைக்கத் தொடங்கினார்கள். விலை இறங்கியது, பண்டம் தெற்கே குடியேறிவிட்டது. இன்று ஒவ்வொரு ஏப்ரலிலும் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், ஒன்றரை டாலருக்கு விற்கும் பிமென்டோ சீஸ் சாண்ட்விச் ஆட்டத்துக்கு இணையான புகழ் பெற்றது.

செடார் சீஸ் 250 கிராம், க்ரீம் சீஸ் 100 கிராம், மயோனைஸ் மூன்றில் ஒரு பங்கு கப், பெரிய சிவப்புக் குடமிளகாய் ஒன்று, மிளகாய்த்தூள் கால் தேக்கரண்டி. உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடவும். சீஸிலேயே உப்பு இருக்கிறது.

செடாரைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவி விற்கிற பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது மயோனைஸோடு இழையாது, நறநறவென்று நிற்கும். பாதியைப் பெரிய கண்ணிலும் பாதியைச் சிறு கண்ணிலும் துருவுவது என் வழக்கம். சிறியது கரைந்து பிடிப்பாகிறது, பெரியது பல்லில் படுகிறது.

நம் ஊரில் டப்பா பிமென்டோ தேடி அலைய வேண்டாம். குடமிளகாயை நேரே அடுப்புத் தீயில் காட்டி, தோல் முழுதும் கருகும்வரை திருப்புங்கள். ஒரு கிண்ணத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்தால் ஆவியில் தோல் தளரும். கையால் உரித்து, விதை நீக்கி, துணியில் ஒற்றிப் பொடியாக நறுக்குங்கள். கழுவ வேண்டாம், சுட்ட மணம் போய்விடும்.

எல்லாவற்றையும் மரக்கரண்டியால் கிளறுங்கள். மிக்சியில் போட்டால் பசையாகிவிடும். குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர வேண்டும். ஒரு இரவு இருந்தால் இன்னும் நல்லது. பரிமாற அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்து, உப்பு பிஸ்கட், வெள்ளரித் துண்டு, ஓரம் நீக்கிய ரொட்டி ஆகியவற்றோடு வையுங்கள். சிலர் வூஸ்டர்ஷயர் சாஸ் சில சொட்டு விடுவார்கள். அதில் நெத்திலி வகை மீன் உண்டு. சைவ விருந்தினர் வருவதாக இருந்தால் விட்டுவிடுங்கள். சீஸுக்குப் பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம், அதையும் லேபிளில் பார்த்துக்கொள்ளலாம்.

3. டெக்சஸ் கேவியர்

மீன் முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நையாண்டியாக வைத்த பெயர். நியூயார்க்கிலிருந்து டெக்சஸுக்கு வந்த சமையல் கலைஞர் ஹெலன் கார்பிட், உள்ளூர்ச் சரக்கான காராமணியை எண்ணெய், வினிகர், பூண்டு, வெங்காயத்தில் ஊறவைத்துப் பரிமாறினார். பணக்கார விருந்துகளிலும் எடுபட்டுவிட்டது. காராமணி மேற்கு ஆப்பிரிக்கப் பயிர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு தெற்குக்கு வந்தது. புத்தாண்டன்று அதைச் சாப்பிட்டால் ஆண்டு முழுதும் அதிர்ஷ்டம் என்பது அங்கே இன்றும் நம்பிக்கை.

கறுப்புக் கண்ணுள்ள வெள்ளைக் காராமணி 250 கிராமை ஆறு மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் உப்புப் போட்டு வேகவிடுங்கள். இருபதாவது நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டை நசுக்கிப் பாருங்கள். குக்கர் வேண்டாம்; ஒரு விசில் கூடினாலும் குழைந்துவிடும். வடித்து, சூடாக இருக்கும்போதே எண்ணெய் கால் கப், வினிகர் 3 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், சர்க்கரை அரை தேக்கரண்டி, உப்பு, மிளகு கலந்து ஊற்றுங்கள். சூட்டில்தான் பயறு இழுத்துக்கொள்ளும். ஆறியபின் வெங்காயம், பச்சைக் குடமிளகாய், பச்சை மிளகாய் எல்லாம் பயறளவுக்கு நறுக்கிச் சேர்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வினிகர் மங்கியிருக்கும். ருசி பார்த்து ஒரு கரண்டி விட்டு, கொத்தமல்லி தூவுங்கள். சிப்ஸால் அள்ளிச் சாப்பிடுவது முறை.

4. வெண்டைக்காய்ப் பொரியல், தெற்கத்தி முறையில்

வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து அதே வழியில் அமெரிக்கா சேர்ந்தது. நாம் அதன் கொழகொழப்பை ஒழிக்கப் பாடுபடுகிறோம். இந்தச் செய்முறையில் அந்தக் கொழகொழப்புதான் மாவைப் பிடித்து நிறுத்தும் பசை. முட்டை தேவையில்லை.

மாவு வாங்கும்போது கவனம் வேண்டும். நம் கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளைத்தூள் வெறும் ஸ்டார்ச். அதைப் போட்டால் சீன உணவகத்துப் பண்டம் வரும், இது வராது. வேண்டியது மக்காச்சோள ரவை, விரலில் தேய்த்தால் மணல்போல் உறுத்துவது.

பிஞ்சு வெண்டை அரை கிலோவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். அங்கே பயன்படுத்தும் மோர் கெட்டியானது. நம் நீர்மோர் உதவாது. முக்கால் கப் தயிரில் கால் கப் தண்ணீர் ஊற்றி அடித்து, வெண்டையை அதில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். மக்காச்சோள ரவை ஒரு கப், மைதா கால் கப், உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரை தேக்கரண்டி, மிளகுத்தூள் கலந்துகொள்ளுங்கள். வெண்டையைத் தயிர் வடிய அள்ளி மாவில் புரட்டி, பெரிய கண் சல்லடையில் போட்டு உதறுங்கள். உதிரி மாவு எண்ணெயில் விழுந்தால் கருகி, அடுத்த ஈட்டைக் கசப்பாக்கும்.

கடலை எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள்: உடனே சலசலத்து மேலே வர வேண்டும், நொடியில் கருகவும் கூடாது. ஒரு ஈட்டுக்கு ஒரு கைப்பிடி. முதல் ஒரு நிமிடம் கிளறாதீர்கள், மாவு உரிந்துவிடும். மூன்று, நான்கு நிமிடத்தில் பொன்னிறமாகிச் சத்தம் அடங்கியதும் எடுத்துக் கம்பித்தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் குவித்தால் அடியிலுள்ளவை தம் ஆவியிலேயே நமுத்துப்போகும். சுடும்போதே ஒரு சிட்டிகை உப்பு. தொட்டுக்கொள்ள லூசியானாவின் டபாஸ்கோ போன்ற வினிகர் மிளகாய்ச் சாறு.

நேரக் கணக்கு

சனிக்கிழமை மாலை ஆறுக்கு விருந்து என்றால், வெள்ளி காலையில் காராமணியை ஊறப்போடுங்கள். அன்று மாலை பயறு அடுப்பில் இருக்கும்போது குடமிளகாயைச் சுடலாம். பயறு ஆறும்போது முட்டையை வேகவைக்கலாம். இரண்டு மணி நேர வேலை. சனி நான்கரைக்கு வெண்டையை நறுக்கி, மாவைக் கலந்து தனித்தனியே வையுங்கள். ஐந்துக்கு முட்டையை நிரப்புங்கள். வெண்டையை விருந்தினர்கள் வந்து உட்கார்ந்த பிறகே பொரிக்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடியும்.

இன்னொரு பண்டமும் வேண்டும் என்றால், தோலோடு பச்சை வேர்க்கடலையை அவித்து வையுங்கள். 2006 முதல் தென் கரோலினாவின் அதிகாரபூர்வச் சிற்றுணவே அதுதான். நமக்கு அதில் கற்க அதிகமில்லை. அவர்கள் உப்பை அள்ளிக் கொட்டி மணிக்கணக்கில் கொதிக்கவிடுவதால் பருப்பு பயறுபோல மெத்தென்று ஆகிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முட்டையும் சீஸும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சென்னை வெயிலில், ஏசி இல்லாத கூடத்தில், ஒரு மணி நேரம்தான் எல்லை. ஆகவே பாதித் தட்டை மட்டும் மேசையில் வைத்து, தீரத் தீர மீதியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். பிமென்டோ சீஸ் மிச்சமானால் மூடி வைத்து நான்கைந்து நாளுக்குள், ரொட்டியில் தடவித் தோசைக்கல்லில் வாட்டிச் சாப்பிடலாம். காராமணியும் மூன்று நாள் தாங்கும். பொரித்த வெண்டை மிச்சப்பட்டால் அன்றே தின்றுவிடுங்கள்; மறுநாள் அது எதற்கும் உதவாது.