கன்டெய்னர் கப்பலேறும் முன்பே ஈ.ஓ.ஆர்.ஐ. எண்

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவனம் நடத்தி, ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து சரக்கு இறக்குமதி செய்பவர்களுக்கு ஈ.ஓ.ஆர்.ஐ. (EORI) எண், அதாவது சுங்கத்துறை தரும் அடையாள எண், கட்டாயம். நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்நாட்டுச் சுங்கத்துறையிடம் விண்ணப்பியுங்கள். ஜெர்மனியில் பெற்ற எண்ணே ராட்டர்டாம் துறைமுகத்திலும் செல்லும். 27 நாடுகளுக்கும் ஒன்றே போதும். ஜிபி (GB) என்று தொடங்கும் பிரிட்டன் எண் மட்டும் இங்கே எடுபடாது. சரக்கு வந்திறங்கிய பிறகு விண்ணப்பித்தால் துறைமுக வாடகைதான் ஏறும்.

உண்மையான தலைவலி பத்து இலக்கச் சரக்குக் குறியீடு. தீர்வை விகிதம் அதைப் பொறுத்தே அமைகிறது. விற்பவர் விலைப்பட்டியலில் எழுதிய குறியீட்டை அப்படியே நம்பாதீர்கள். அவர் தம் நாட்டு அட்டவணையைப் பார்த்து எழுதியிருப்பார். முதல் ஆறு இலக்கங்கள் உலகப் பொது, மற்றவை வேறுபடும். ஐயமிருந்தால் சுங்கத்துறையிடமே எந்தக் குறியீடு பொருந்தும் என்று முன்கூட்டி எழுத்துபூர்வ முடிவு கேட்டு வாங்கலாம். அது மூன்றாண்டுகள் செல்லும், ஒன்றியம் முழுவதையும் கட்டுப்படுத்தும். சற்றுத் தாமதமாகும் என்றாலும், ஒரே பொருளைத் தொடர்ந்து இறக்குமதி செய்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது என்பேன்.

சுங்க முகவர் உங்கள் பெயரில் சரக்கு அறிவிப்பைச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்தால், பிழைக்குப் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையதே. ஆவணங்களைக் குறைந்தது மூன்றாண்டுகள் வைத்திருங்கள். பல நாடுகள் அதற்கும் கூடுதலாகக் கேட்கின்றன.